ஜொஹானஸ்பர்க் குளிரில் தக்காளி நாற்று: எந்த டியூப்லைட், எவ்வளவு உயரம்

ஆகஸ்ட் முதல் வாரம் காலையில் எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்தால் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில்தான் மிளகாய், கத்தரி விதை போட்டாக வேண்டும், இல்லையென்றால் அக்டோபர் தொடக்கத்தில் மண்ணில் வைக்க நாற்று இருக்காது. டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, கடற்கரையில் உறைபனி விழாது, அவர்கள் விதையை வராந்தாவில் வைத்தாலே போதும். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே ஹைவெல்ட் என்ற மேட்டுநிலத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு, வீட்டுக்குள் விளக்கு போட்டு நாற்று வளர்ப்பதைத் தவிர நல்ல வழி கிடையாது.

விளக்கு என்றதும் எல்லாரும் என்னிடம் கேட்பது எந்த கம்பெனி, எத்தனை வாட், ஊதாக் கலரில் வருகிறதே அது வேண்டுமா என்றுதான். அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சாதாரண டியூப்லைட்டே போதும், அது செடிக்கு எவ்வளவு பக்கத்தில் தொங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் வருடம் நான் நாலு அடி டியூப் இரண்டை கராஜ் கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டேன், தட்டுக்கும் டியூபுக்கும் நடுவே இரண்டு அடி. கண்ணுக்கு அறை முழுக்க பளிச்சென்று இருந்தது. எட்டாவது நாள் தக்காளி முளைகள் எல்லாம் நூல் மாதிரி வெளிறிய தண்டோடு ஒரு சாண் உயரத்துக்கு நீண்டு, நுனியில் இரண்டே இரண்டு விதையிலையோடு தள்ளாடின. மறுநாள் தண்ணீர் தெளித்த கனத்திலேயே பாதி சாய்ந்துவிட்டது. ஒரு தட்டு நிறைய, ஊரிலிருந்து வந்த நாட்டுத் தக்காளி விதை. மனசு கஷ்டமாகிவிட்டது.

நம் கண் ஏமாற்றும். அரை இருட்டிலும் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் காட்டிவிடும், செடிக்கு அந்த வசதி இல்லை. போனில் லக்ஸ் மீட்டர், அதாவது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் ஆப் ஒன்று போட்டு நான் அளந்து பார்த்தேன். போன் சென்சார் துல்லியமானதில்லை, ஆனாலும் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். இரண்டு 36 வாட் டியூப், இரண்டு அடி தள்ளி வைத்தால் ஆயிரம் லக்ஸைக்கூடத் தொடவில்லை. அதே டியூபை தட்டுக்கு ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கி, மேலே அலுமினியம் ஃபாயில் ஒட்டிய அட்டையை வைத்ததும் எட்டாயிரத்துக்குப் பக்கம் காட்டியது. அதே குளிர்கால மதியத்தில் வெளியே திறந்த வெயிலில் அறுபது எழுபதாயிரம் இருக்கும். டியூப்லைட் எவ்வளவு பலவீனமான சூரியன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், அதனால்தான் அதைச் செடியின் தலையில் இடிக்காத குறையாகக் கீழே கொண்டுவர வேண்டியிருக்கிறது. நல்ல வேளையாக டியூபின் மேல் கையை வைக்கலாம், சூடு சுள்ளென்று தாக்காது, இலை கருகிவிடாது. பழைய குண்டு பல்பில் இதைச் செய்ய முடியாது. டியூபின் பெரிய வசதியே இதுதான்.

நாற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்றால், வெள்ளை டியூப் வெளிச்சத்தில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் லக்ஸ், ஒரு நாளைக்கு 16 மணி நேரம், இது குறைந்தபட்சக் கணக்கு. பதினைந்தாயிரம் கிடைத்தால் தண்டு பென்சில் மாதிரி திரண்டு வரும். கீரை, வெந்தயம், கொத்தமல்லி இதைவிடக் குறைவிலும் ஓட்டிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் விட்டுக்கொடுக்காது.

எந்த டியூப்

கடையில் போய் நின்றால் டி12, டி8, டி5 என்று எழுதியிருக்கும். அது தடிமன், ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு. டி8 என்றால் எட்டில் எட்டு, அதாவது ஒரு அங்குலம், 26 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். டி5 என்றால் 16 மில்லிமீட்டர். டி12 தடியானது, 38 மில்லிமீட்டர், பழைய பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ்களிலும் இருந்தது. அதை யாராவது சும்மா கொடுத்தால்கூட வாங்காதீர்கள், மின்சாரத்தைத் தின்றுவிட்டு வெளிச்சம் குறைவாகத் தரும்.

டி8 இங்கே ரொம்ப சாதாரணம். 600 மில்லிமீட்டர் நீளம் 18 வாட், 1200 என்றால் 36 வாட், 1500 என்றால் 58 வாட். நான் 1200 வாங்கச் சொல்வேன். இரண்டு காரணம். ஒன்று, டியூபின் இரண்டு முனையிலும் ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம் மங்கல்தான், சின்ன டியூபில் அந்த மங்கல் பகுதியே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, என்னிடம் இருக்கும் குழித்தட்டு 55 சென்டிமீட்டர் நீளம், நாலு அடி டியூபின் கீழே இரண்டு தட்டு நேராக வரிசையில் உட்காரும், ஓரங்களில் வீணாகப் போகாது. வாங்குவதற்கு முன் உங்கள் தட்டை அளந்துகொண்டு போங்கள்.

டி5 மெல்லியது, அதே இடத்தில் நெருக்கி வைக்கலாம், வெளிச்சமும் அதிகம். ஆனால் அதில் இரண்டு ஜாதி இருக்கிறது, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நாலு அடிக்குச் சற்றுக் குறைவான டி5, 1149 மில்லிமீட்டர், 28 வாட்டிலும் வரும், 54 வாட்டிலும் வரும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுபோலவே இருக்கும், நீளம் ஒன்று, முனையில் இருக்கும் பின் ஒன்று. 28 வாட் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ரகம், 2,600 லூமெனை ஒட்டித் தரும் (லூமென் என்பது டியூப் மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவு). 54 வாட் அதிக வெளிச்சம் தரும் ரகம், நாலாயிரத்து ஐநூறைத் தொடும். இரண்டுக்கும் வேறு வேறு பேலஸ்ட் (டியூபுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம்), மாற்றிப் போட்டால் டியூப் சீக்கிரம் போய்விடும், அல்லது சரியாக எரியாது. ஃபிட்டிங் மேல் எழுதியிருக்கும் வாட்டைப் படித்துவிட்டே டியூப் எடுங்கள்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், கராஜிலோ ஸ்டோர் ரூமிலோ ஏற்கெனவே டி8 பட்டி, அதாவது டியூப் மாட்டும் நீளச் சட்டம் ஒன்று கிடந்தால் அதையே எடுத்துத் துடைத்துப் பயன்படுத்துங்கள். புதிதாக ஃபிட்டிங் வாங்கப்போகிறவர்களுக்கு மட்டும் கீழே வேறு ஒரு பேச்சு இருக்கிறது.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். டி8 சுமார் 25 டிகிரி சுற்றுப்புற வெப்பத்தில் முழு வெளிச்சம் தரும்படி செய்யப்பட்டது, டி5 சுமார் 35 டிகிரியில். இந்த ஊர் வீடுகளுக்கு ஹீட்டிங் கிடையாது, ஜூலையில் என் கராஜில் காலை எட்டு டிகிரிதான் இருக்கும், அந்தக் குளிரில் டியூப் மினுக்கி மினுக்கி எரியும், எரிந்தாலும் வெளிச்சம் மந்தமாக இருக்கும். சோக், ஸ்டார்ட்டர் வைத்த பழைய பட்டி என்றால் இன்னும் மோசம். அதனால் கராஜை விட்டுவிட்டு, படுக்கையறை மூலையிலோ சமையலறைப் பக்கத்து அறையிலோ அலமாரி போடுங்கள். நான் இரண்டாவது வருடம் அப்படித்தான் மாற்றினேன், அந்த ஒரு மாற்றத்திலேயே நாற்றின் முகம் மாறிவிட்டது.

டியூபில் எழுதியிருக்கும் மூன்று எண்

830, 840, 865 என்று டியூபின் முனைக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருப்பார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும். முதல் எண் 8 என்றால் நிறங்களைக் காட்டும் திறன் 80க்கு மேல், அதாவது உள்பக்கம் மூன்று வகை பாஸ்பர் (ஒளிரும் பொடி) பூசிய நல்ல டியூப். மீதி இரண்டு எண் வெளிச்சத்தின் நிறம்: 30 என்றால் 3000 கெல்வின், மஞ்சள் சாயல், 40 என்றால் 4000, கூல் வைட், 65 என்றால் 6500, டேலைட், லேசாக நீலம் கலந்த வெள்ளை. 765 என்று 7ல் ஆரம்பித்தால் அது பழைய ரகப் பூச்சு, விலை குறைவு, வெளிச்சமும் குறைவு. 36 வாட்டில் 840 டியூப் 3,350 லூமென் என்றால் அந்தப் பழைய ரகம் 2,500ஐ ஒட்டித்தான் இருக்கும். சில ரேண்டை மிச்சம் பிடிக்கப்போய் கால் பங்கு வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள்.

நாற்றுக்கு 865 வாங்குங்கள், கிடைக்காவிட்டால் 840. நீல வெளிச்சம் கூடுதலாக இருந்தால் தண்டு குட்டையாக, கெட்டியாக வரும், நாற்றுக்கு நமக்கு வேண்டியதும் அதுதான். 830 மட்டும் போட்டால் செடி வளரும், ஆனால் நீளும். இரண்டு டியூப் பட்டியில் ஒன்று 865, ஒன்று 840 என்று போட்டும் பார்த்திருக்கிறேன், தனியாக 865 போட்டதற்கும் அதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதனால் இதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

செடிக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு ஊதா டியூப்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பையும் நீலத்தையும் இலை நன்றாக எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. பச்சை வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளவே செய்யாது என்று சிலர் சொல்வது சரியில்லை, அதையும் இலை பயன்படுத்துகிறது. ஆறு வாரம் மட்டும் வீட்டுக்குள் இருந்துவிட்டு வெயிலுக்குப் போகப்போகிற நாற்றுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து அதை வாங்கத் தேவையில்லை, அந்தக் காசில் இன்னொரு சாதா டியூப் சேர்த்துத் தொங்கவிட்டால் பலன் அதிகம். இன்னொன்றும் இருக்கிறது, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியாது. காலையில் காபி டம்ளரோடு போய் நாற்றைக் குனிந்து பார்ப்பதில் பாதி வேலை இலை நிறத்தைப் பார்ப்பதுதான்.

லூமென் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்கு அதிக மதிப்பெண் போடும். அதனால் ஊதா டியூபின் லூமெனையும் வெள்ளை டியூபின் லூமெனையும் ஒப்பிட்டால் அர்த்தமில்லை. ஒரே நிற எண் உள்ள இரண்டு டியூப்களை ஒப்பிட மட்டும் அதைப் பாருங்கள்.

எத்தனை டியூப், எப்படித் தொங்கவிடுவது

ஒரு அடி அகல அலமாரிக்கு இரண்டு டியூப், இரண்டு அடி அகலத்துக்கு நாலு. டியூபுக்கும் டியூபுக்கும் நடுவே பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் நடுவில் இருக்கும் செடிகள் இரண்டு பக்கமும் சாய ஆரம்பிக்கும். ஒற்றை டியூப் போதாது, ஒற்றை டியூபின் கீழே நேர்வரிசையில் இருக்கும் செடி மட்டும் நன்றாக இருக்கும்.

கயிறு வேண்டாம், சங்கிலி வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், கூடவே எஸ் வடிவக் கொக்கி நாலு. செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏற்றலாம், இரண்டு பக்கமும் எத்தனை கண்ணி என்று எண்ணினால் பட்டி கோணாமல் நிற்கும். உயரம் செடியின் உச்சியிலிருந்து ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர். நான் அளவுகோல் வைப்பதில்லை, நாலு விரலைச் சேர்த்து செடிக்கும் டியூபுக்கும் நடுவே செருகுவேன், விரல் டியூபைத் தொட்டுக்கொண்டே நுழைந்தால் சரி, லூசாக நுழைந்தால் இறக்க வேண்டும். இதை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், தக்காளி அவ்வளவு வேகம். ஒரே தட்டில் தக்காளியும் மிளகாயும் போட்டுவிட்டால் ஒன்று டியூபை முட்டும்போது மற்றது இன்னும் மண்ணோடு இருக்கும், அதனால் பயிர் வாரியாகத் தட்டைப் பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியவில்லை என்றால் குட்டைச் செடித் தட்டின் அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

பட்டியின் மேல்பக்கம் வெள்ளை பெயின்ட் அடித்த தகடோ, ஃபாயில் ஒட்டிய அட்டையோ இருந்தால் மேலே போகும் வெளிச்சம் திரும்பிக் கீழே வரும். டியூபில் அது படாமல், பட்டியின் ஓட்டைகளை அடைக்காமல் வையுங்கள், பேலஸ்ட்டின் சூடு வெளியே போக வேண்டும். அலமாரியின் பக்கவாட்டில் வெள்ளைத் தெர்மகோல் பலகையைச் சாய்த்து வைத்தாலும் ஓரத்துச் செடிக்கு நல்லது. அது எளிதில் தீப்பிடிக்கும், அதனால் பட்டியிலிருந்து விலகியே நிற்கட்டும். நாலு நாளுக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றுங்கள், ஓரத்தில் இருந்தது நடுவுக்கு, நடுவில் இருந்தது ஓரத்துக்கு.

மேலும் கீழுமாக இரண்டு தட்டு அலமாரி வைத்தால் ஒரு நல்ல உபாயம் உண்டு. கீழ்த்தட்டின் பட்டி தரும் இளஞ்சூடு மேலே எழும்பி மேல்தட்டின் அடியைச் சூடாக்கும், அங்கே புதிதாக விதைத்த மிளகாய், கத்தரியை வையுங்கள், அவை முளைக்க 25 முதல் 30 டிகிரி கேட்கும். ஆனால் மேல்தட்டில் ஊற்றும் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கீழே இருக்கும் பட்டியின் மேல் விழக்கூடாது. துளையில்லாத பெரிய டிரே ஒன்றில் குழித்தட்டை உட்கார வைத்து, தண்ணீரை அந்த டிரேயில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பக்கவாட்டில், தண்ணீர் வழியாத உயரத்தில் இருக்கட்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பு டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) எர்த் லீக்கேஜ் சுவிட்சின், அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் நாற்றைப் பற்றி யோசியுங்கள்.

நேரமும் கரண்ட் பில்லும்

16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. இருபத்திநாலு மணி நேரமும் எரிய விட்டால் சீக்கிரம் வளரும் என்று நினைத்து விடாதீர்கள், தக்காளிக்கு அது ஒத்துக்கொள்ளாது, இலை மஞ்சளாகும். ஒரு டைமர் வாங்கி காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி என்று வைத்துவிட்டால் நாம் மறந்தாலும் பரவாயில்லை. சக்கரம் சுற்றும் டைமர் என்றால், லோட் ஷெட்டிங் வந்து இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அதுவும் இரண்டு மணி நேரம் நின்றுவிடும், அப்புறம் விளக்கு காலை ஏழு மணிக்குத்தான் எரியும். 2022, 2023ல் தினமும் இரண்டு மூன்று முறை கரண்ட் போன காலத்தில் என் டைமரில் இரவும் பகலும் தலைகீழாகிவிட்டது. இப்போது லோட் ஷெட்டிங் குறைந்துவிட்டாலும், பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரே நல்லது. இரண்டு மணி நேரம் வெளிச்சம் குறைந்ததால் எந்த நாற்றும் செத்துப்போகாது, அதற்காக இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம், அதிலும் சோக் வைத்த பட்டியை விலை மலிவான இன்வெர்ட்டரில் மாட்டினால் ரீங்காரமிட்டுச் சூடாகும்.

செலவு எவ்வளவு? இரண்டு 36 வாட் டியூப், பழைய சோக் எடுப்பதையும் சேர்த்து 90 வாட் என்று வையுங்கள். 16 மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு வாரத்துக்கு அறுபது யூனிட். ஒரு யூனிட் மூன்று ரேண்ட் என்று கணக்கு வைத்தால் 180 ரேண்ட். உங்கள் ப்ரீபெய்ட் ரசீதில் இருக்கும் விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். நர்சரியில் ஆறு நாற்று உள்ள தட்டுகளாக வாங்கிச் சேர்த்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டிய குண்டு மிளகாயும் பச்சை வரிக் கத்தரியும் நர்சரியில் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இந்தச் செலவைக் கொஞ்சம் குறைக்க இந்த ஊர் ஒரு வரத்தைக் கொடுத்திருக்கிறது. ஹைவெல்ட் குளிர்காலம் வறண்டது, வானத்தில் மேகமே இருக்காது. பகலில் வெளியே பதினெட்டு இருபது டிகிரி வந்துவிடும். வீட்டில் ஆள் இருந்தால், செடி உண்மை இலை (விதையிலைக்கு அடுத்து வரும் இலை) விட்ட பிறகு பதினோரு மணிக்குத் தட்டைத் தூக்கி வெளியே காற்றடிக்காத சுவரோரம் வைத்து மூன்று மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். முதல் நாள் அரை மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், டியூப் வெளிச்சத்தில் வளர்ந்த இலை இந்த உயரத்து வெயிலில் வெள்ளையாகப் பொசுங்கிவிடும். அந்த நாலு மணி நேரம் டியூபை அணைத்துவிடலாம். ஜன்னலோரம் வைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே ஓடும், தெற்கு ஜன்னலில் வெயிலே வராது. ஊரில் பழகிய திசைக் கணக்கை மறந்துவிட்டு வடக்கு ஜன்னலைப் பிடியுங்கள்.

இந்தியர்கள் அதிகம் இருக்கும் லெனேஷியா பகுதியில் எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் இருக்கிறார், அவருடைய முன்னோர்கள் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள், பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், கத்தரிக்காயை பிரிஞ்சால் என்பார், ஆனால் விதையைச் சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் மடித்து வைக்கும் பழக்கம் மட்டும் அப்படியே நம் ஊர்ப் பழக்கம். அவர் டியூபெல்லாம் வைப்பதில்லை. விதையை ஈரத் துணியில் கட்டி கீசர் இருக்கும் அலமாரிக்குள் வைத்து முளை கட்டிவிட்டு, முளைத்த அன்றே வடக்கு வராந்தா வெயிலுக்குக் கொண்டுபோய்விடுவார், ராத்திரி உள்ளே. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த "முளைத்த அன்றே" என்பதைத்தான். விதை முளைக்க வெளிச்சம் வேண்டாம், சூடு போதும், ஃபிரிட்ஜ் மேலேயோ கீசர் அலமாரியிலோ இருக்கட்டும். ஆனால் மண்ணில் முதல் வளைவு தெரிந்ததும், பாதி விதை இன்னும் முளைக்கவில்லை என்று காத்திருக்காமல், தட்டை டியூபின் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருட்டில் விட்டால் அதற்குள் தண்டு நீண்டுவிடும், நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. தக்காளியாக இருந்தால் மட்டும் மாற்று வழி உண்டு, பெரிய தொட்டிக்கு மாற்றும்போது விதையிலை வரைக்கும் ஆழமாகப் புதைத்தால் தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

டியூபின் கீழே ஈரம் தேங்கிக் காற்று அசையாமல் இருந்தால் நாற்றழுகல் வரும், தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்துச் சுருங்கி விழும். சின்ன ஃபேன் ஒன்றை இலை லேசாக ஆடும் அளவுக்குத் தூரத்தில் வைத்தால் அழுகலும் குறையும், தண்டும் பலப்படும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். அவ்வளவுதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், தென்னாப்பிரிக்காவும் அதில் ஒன்று, 2023ல் கூடி டியூப்லைட் தயாரிப்புக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் நாள் குறித்துவிட்டன: 765 மாதிரியான பழைய பூச்சு டியூப் 2026 முடிவோடு, வீட்டில் நாம் போடும் 840, 865 டியூப்கள் 2027 முடிவோடு. கடையில் இருக்கும் சரக்கு அதற்கப்புறமும் கொஞ்ச காலம் ஓடும். ஆனாலும் இன்றைக்குக் காசு போட்டுப் புது டியூப் ஃபிட்டிங் வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். பட்டி கையில் இருக்கிறவர் நல்ல 865 டியூப் நாலு வாங்கி வைத்துக்கொண்டால் பல வருடம் ஓட்டலாம். நல்ல டியூப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியும், நாம் ஒரு பருவத்துக்கு எரிப்பது ஆயிரம் மணி நேரம்கூட வராது. வருடா வருடம் டியூப் மாற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், முனை கறுத்து, போனில் லக்ஸ் கணிசமாக இறங்கியிருந்தால் மாற்றினால் போதும்.

ஒன்றுமே இல்லாமல் ஆரம்பிக்கிறவர்கள் எல்இடி டியூப் பட்டி வாங்குங்கள், 6500 கெல்வின், நாலு அடி, 18 வாட் ரகம், ஒரு அடி அகலத்துக்கு இரண்டு. உயரம், நேரம், இடைவெளி எல்லாம் மேலே சொன்னதேதான். பழைய பட்டியில் எல்இடி டியூபை மாட்ட நினைத்தால் அட்டையில் இருக்கும் வயரிங் படத்தைப் படியுங்கள். சில டியூப்கள் சோக்கை அப்படியே வைத்து, ஸ்டார்ட்டருக்குப் பதிலாகக் கூடவே தரும் எல்இடி ஸ்டார்ட்டரைப் போட்டால் எரியும். சிலவற்றுக்கு சோக்கை முழுக்கக் கழற்றி நேரடி கரண்ட் கொடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் பேலஸ்ட் உள்ள பட்டியில் முதல் ரகம் ஒத்துவராது. படம் புரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

டியூப் கை தவறி உடைந்தால் பதறாமல் ஜன்னலைத் திறந்து எல்லாரும் பத்து பதினைந்து நிமிடம் அறையை விட்டு வெளியே போங்கள், குழந்தைகளை முதலில். திரும்பி வந்து கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். வாக்யூம் கிளீனரும் விளக்குமாறும் வேண்டாம், பொடியைக் காற்றில் கிளப்பிவிடும். சில்லு விழுந்த தட்டின் மேல்மண்ணையும் வழித்து அதே பாட்டிலில் சேர்த்துவிடுங்கள். எரிந்து முடிந்த டியூபைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பழைய பல்புகளுக்கென்று பெட்டி வைத்திருக்கும் கடையில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

நாள் கணக்கு இப்படி: மிளகாயும் கத்தரியும் ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் முதல் வாரம், தக்காளி ஆகஸ்ட் நடுவில். செப்டம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து பகல் முழுக்க வெளியே, ராத்திரி மட்டும் உள்ளே. கடைசி வாரம் ராத்திரியும் வெளியே இருக்கட்டும், உறைபனி வரும் என்று வானிலையில் சொன்னால் மட்டும் உள்ளே தூக்குங்கள். அக்டோபர் தொடக்கத்தில் மண்ணுக்கு மாற்றிவிடலாம். அந்த மாதத்திலிருந்தே மத்தியானத்தில் இடி மழையோடு ஆலங்கட்டி விழ ஆரம்பிக்கும், பத்து நிமிடத்தில் இலையெல்லாம் சல்லடையாகிவிடும், அதனால் நட்ட அன்றே நாலு குச்சி ஊன்றி நிழல்வலை கட்டிவிடுங்கள். தட்டெல்லாம் வெளியே போனதும் டியூபைக் கழற்றி ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்து, பழைய அட்டைக் குழாயில் செருகி அலமாரி மேல் படுக்க வையுங்கள். தூசி படிந்த டியூபில் அடுத்த ஆகஸ்டில் பளிச்சென்ற வெளிச்சம் வராது.